கோடையில ஜப்பான் போய் மொழி படிச்சவங்க, உங்க அனுபவத்த இங்க சொல்லுங்க

போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தாரு, சம்மர்ல ஜப்பானீஸ் படிக்க டோக்யோ போறதா இல்ல வேற ஊரு பாக்கறதான்னு. நான் சொல்றது ஒண்ணுதான், சின்ன ஊரா பாருங்க, அதுவும் ஒரு குடும்பத்தோட தங்குற மாதிரி கோர்ஸா பாருங்க. நான் படிச்சது ஹகோதாதேல. ஹொக்கைடோ தீவோட தெக்கு முனையில இருக்குற துறைமுக ஊரு. 1859ல யோகோஹாமா, நாகசாகி கூட சேத்து வெளிநாட்டு வியாபாரத்துக்கு திறந்துவிட்ட ஊரு, அதனால மலைச்சரிவுல ரஷ்ய சர்ச், பழைய கான்சுலேட் கட்டடம் எல்லாம் இன்னிக்கும் நிக்குது. ஜூன் ஜூலைல ஜப்பான் பூரா மழையும் புழுக்கமுமா கெடக்கும், ஹொக்கைடோவுல மட்டும் அந்த மழைக்காலம் பேருக்குக்கூட கெடையாது. காலைல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ட்ராம் ஏறி வகுப்புக்கு போவேன்.

வகுப்பு பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணும் இல்ல. தினமும் கான்ஜி, அதாவது சீன எழுத்து, டெஸ்ட், வாராவாரம் ஒரு பெரிய டெஸ்ட், சாயங்காலம் ஹோம்வொர்க் முடிக்கவே நேரம் சரியா இருக்கும். நமக்கு ஒரு சௌகரியம், வாக்கியம் நம்ம வரிசையிலயே வரும், வினை கடைசில, வேற்றுமை எல்லாம் பேருக்குப் பின்னால ஒட்டிக்கும். "சாப்பிட்டுப் பாரு"ன்னு நாம சொல்றதையே அவங்களும் "தபெத்தே மித்தே"ன்னு, சாப்பிடறதையும் பாக்கறதையும் சேத்துத்தான் சொல்றாங்க. என்கூட படிச்ச அமெரிக்கப் பசங்க வினைய கடைசிக்கு தள்றதுக்கே திணறினாங்க, நமக்கு அந்தப் பிரச்சனை வராது. நமக்கும் சேத்து எல்லாருக்குமே கஷ்டம் எதுலன்னா கேக்கறதுலதான். டீச்சர் முதல் வாரத்துலயே சொல்லிட்டாங்க, எதிர்ல இருக்கறவரு பேசும்போது சும்மா உக்காந்திருந்தா நீங்க கவனிக்கலன்னு நினைச்சு நிறுத்திடுவாரு, இடையிடையே உம் கொட்டணும்னு. அதுக்கு ஐசுச்சின்னு பேரு. ஊன், ஏ, ஹேஏ, சோ தெஸ் கா, ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடம் இருக்கு. கதை சொல்லும்போது உம் கொட்டலன்னா பாட்டி கதையவே நிறுத்திடுற வீட்டுல வளந்தவங்களுக்கு இது சட்டுன்னு புடிபடும், எனக்கு அப்படித்தான் புடிபட்டுச்சு.

அது எனக்கு எங்க உதவுச்சுன்னு சொல்றேன். நான் தங்கின வீட்டுல ஒரு தாத்தா. செய்கான் ஃபெர்ரில வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு. ஹகோதாதேலேர்ந்து கடலைத் தாண்டி அவொமோரி வரைக்கும் போற கப்பல், ரயில் பெட்டிங்களையே கப்பலுக்குள்ள ஏத்திக்கிட்டு போகும், கிட்டத்தட்ட நாலு மணி நேரப் பயணம். 1988ல கடலுக்கடியில செய்கான் டன்னல் திறந்தாங்க, 53.85 கிலோமீட்டர், அதோட கப்பல நிறுத்திட்டாங்க. அந்தக் கப்பல்ல ஒண்ணு, மாஷூ மாரு, இப்பவும் ஸ்டேஷனுக்குப் பக்கத்துலயே மியூசியமா நிக்குது. ஒரு ஞாயித்துக்கிழமை தாத்தா என்னைய அங்க கூட்டிட்டுப் போனாரு.

வீட்டுல அவ்ளோ பேச மாட்டாரு அந்த மனுஷன். கப்பல்ல கால வச்சதும் நடையே மாறிடுச்சு. வண்டிங்கள ஏத்துற தளத்துல தண்டவாளம் எங்க இருந்துச்சு, அலை அடிக்கறப்ப பெட்டிங்க ஆடாம இருக்க எப்படி சங்கிலி போட்டு இறுக்குவாங்கன்னு கையாலயே காட்டுறாரு, கைலி மாதிரி மடிச்சு வச்சிருந்த துண்ட முறுக்கி ஒரு முடிச்சு போட்டு, ஒரு இழுப்புல அவுத்தும் காட்டுனாரு, அந்த வயசுலயும் விரல் அவ்ளோ வேகம். அப்புறம் மேல டெக்குல நின்னு வளைகுடாப் பக்கம் கைய நீட்டி தோயா மாருங்கற ஃபெர்ரி பத்தி சொன்னாரு. 1954 செப்டம்பர் 26, புயல். காத்து கொஞ்சம் அடங்கின மாதிரி இருக்கவும் புயல் தாண்டிடுச்சுன்னு நம்பி கப்பல எடுத்துட்டாங்க, ஆனா புயல் தாண்டல. கரைக்கு அவ்ளோ கிட்டவே கவுந்துடுச்சு, ஆயிரத்து நூறு பேருக்கு மேல போயிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி வேற நாலு ஃபெர்ரியும் மூழ்கியிருக்கு. டன்னல் தோண்டியே ஆகணும்னு நாடே பேச ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான். தாத்தா அப்ப சின்னப் பையன், கரைக்கு ஓடின பெரியவங்க பின்னாடியே இவரும் ஓடியிருக்காரு.

அவரு சொன்னதுல பாதி வார்த்தை எனக்கு தெரியாது. புயலுக்கும் மூழ்கறதுக்கும் வீட்டுக்கு வந்துதான் டிக்ஷ்னரி பாத்தேன். ஆனா நிறுத்தாம உம் கொட்டிக்கிட்டே இருந்தேன், அவரும் நிறுத்தாம பேசினாரு. அன்னிக்கு ராத்திரி அந்த வீட்டு அம்மா சொன்னாங்க, எங்ககிட்டகூட இவ்ளோ சொன்னதில்லன்னு. இது டோக்யோ ஹாஸ்டல் ரூம்ல உக்காந்தா கெடைக்குமா சொல்லுங்க.

இன்னொண்ணு சொல்லாம விட மனசில்ல. ஜூலை 7 தனபாதா, நட்சத்திரத் திருவிழா. நாட்டுல மத்த இடத்துல பெரும்பாலும் மூங்கில் கிளையில வேண்டுதல் எழுதிக் கட்டுறதோட முடிஞ்சிடும், ஹகோதாதேல சாயங்காலம் தெருப் பசங்க எல்லாம் யுகாதாங்கற பருத்தி கிமோனோ போட்டுக்கிட்டு வீடு வீடா வந்து மெழுகுவத்தி குடுங்கன்னு பாட்டு பாடுவாங்க. ஒரு காலத்துல நிஜமாவே மெழுகுவத்திதான், இப்ப மிட்டாய். வாசல்ல நின்னு பாக்கெட் குடுக்குற வேலைய எனக்கு குடுத்தாங்க, ஒவ்வொரு குட்டியும் ரெண்டு கையாலயும் வாங்கிட்டு குனிஞ்சு நன்றி சொல்லும் பாருங்க, அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு. ஆகஸ்ட் முதல் வாரம் துறைமுகத் திருவிழா, 1934 தீ விபத்துல ஊர்ல பெரிய பகுதி எரிஞ்சு போனதும் சனங்களுக்கு தெம்பு வரணும்னு மறு வருஷம் ஆரம்பிச்சது. அதுல கணவா மீன் டான்ஸ் ஒண்ணு, தெரு முழுக்க ஆடுவாங்க, நம்மளயும் இழுத்துவிட்டு ஆடச் சொல்வாங்க. ஆடுங்க.

---

அண்ணா, படிக்கப் படிக்க ஆசையா இருக்கு. நான் போனது கியோட்டோ, அதையும் எழுதிடறேன். வெயில் விஷயத்துல உங்க ஊருக்கு நேர் எதிர், சுத்தி மலை, காத்தே வராது, சென்னைல வளந்த எனக்கே மூச்சு முட்டிச்சு. ஆனா ஜூலைல கியோட்டோவ விட்டுட்டு வேற எங்கயும் இருக்கக்கூடாது, கியோன் திருவிழா மாசம் பூரா நடக்குது. 869ல கொள்ளை நோய் வந்தப்ப, அன்னிக்கு ஜப்பான்ல இருந்த 66 மாகாணத்துக்கும் கணக்கா 66 ஈட்டி நட்டு வேண்டினதுலேர்ந்து வந்த வழக்கம்னு வகுப்புல சொல்லிக் குடுத்தாங்க. 17ஆம் தேதி பெரிய ஊர்வலம், 24ஆம் தேதி இன்னொண்ணு, அந்த ரெண்டாவது ரொம்ப காலம் முதல் ஊர்வலத்தோடயே சேந்து நடந்து 2014லதான் திரும்ப தனியா ஆரம்பிச்சிருக்காங்க.

நான் பொறந்தது திருவாரூர் பக்கம், அதனால ஊர்வலத்துல வர்ற பெரிய வண்டிங்கள பாத்ததும் கால் நகரல. நம்ம ஆழித்தேர் மாதிரியே ஆளுயரச் சக்கரம், கயித்தப் புடிச்சு ஒரு கூட்டம் இழுக்குது. நேராத்தான் ஓடும், வீதி முனையில திருப்பறதுதான் பெரிய வேலை. சக்கரத்துக்கு அடியில பச்சை மூங்கில் பட்டைய பரப்பி, மேல தண்ணி ஊத்தி, முன்னால ஏறி நிக்கறவங்க விசிறிய வீசி குரல் குடுக்க, எல்லாரும் ஒரே மூச்சுல பக்கவாட்டுல இழுப்பாங்க, பத்து டன்னுக்கு மேல இருக்குற வண்டி வழுக்கிக்கிட்டு திரும்பும். ஒரே இழுப்புல முழுசா திரும்பாது, மறுபடி மூங்கில், மறுபடி தண்ணி. என் பக்கத்துல நின்ன ஒரு பாட்டிகிட்ட எங்க ஊர்லயும் தேர் இருக்கு, முட்டுக்கட்ட போட்டு திருப்புவோம்னு எனக்கு தெரிஞ்ச ஜப்பானீஸ்ல சொன்னேன், போன்ல வீடியோவும் காட்டினேன். அவங்க விடல, பக்கத்துல இருந்தவங்கள எல்லாம் கூப்பிட்டு காட்டச் சொல்லி, முட்டுக்கட்ட எந்த மரம், யாரு போடறது, கால் மாட்டிக்காதான்னு கேள்வி மேல கேள்வி. வகுப்புல சொல்லிக் குடுத்த மரியாதை வடிவம் எல்லாம் அன்னிக்குத்தான் வாயில ஓடுச்சு. சில வண்டியில தொங்க விட்டிருக்கற பழைய கம்பளம் இந்தியாவுல நெஞ்சதுன்னும் அவங்கதான் காட்டிக் குடுத்தாங்க.

ஆகஸ்ட் 16 ராத்திரி வரைக்கும் இருக்க முடிஞ்சா இருங்க. முன்னோர வழியனுப்பறதுக்கு அஞ்சு மலையில தீ மூட்டுவாங்க, எட்டு மணிக்கு முதல் மலை எரிய ஆரம்பிக்கும். பெரும்பாலான கோர்ஸ் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும், டிக்கெட் போடறப்பவே யோசிங்க.

---

ரெண்டு பேருக்கும் நன்றி. எனக்கு ரெண்டு சந்தேகம். நான் சுத்த சைவம், ஒரு குடும்பத்தோட தங்கினா அவங்களுக்கு தொந்தரவா இருக்காதா? அப்புறம் விசா என்ன விசா?

---

ஹகோதாதே பத்தி எழுதினவன் சொல்றேன்மா. விண்ணப்பத்துலயே சைவம்னு எழுதுங்க, அதோட நிறுத்தாம மீன் தண்ணியும் கூடாதுன்னு தனியா எழுதுங்க. ஏன்னா அங்க சூப்புலேர்ந்து காய்கறி வேக வைக்கற வரைக்கும் தாஷின்னு ஒரு தண்ணி ஊத்துவாங்க, அது பெரும்பாலும் காஞ்ச சூரை மீன சீவிப் போட்டு எடுக்கறது, நம்ம மாசிக் கருவாட்டோட இனம். கண்ணுக்கு மீன் தெரியாததால அவங்களுக்கே அது அசைவம்னு தோணாது. கடல்பாசில மட்டும் எடுக்கற தாஷியும் உண்டு, அந்தப் பாசிய கொம்புன்னு சொல்வாங்க, ஹகோதாதே பக்கம் விளையற கொம்புக்கு நாடு பூரா பேரு. என்கூட படிச்ச ஒரு குஜராத்திப் பொண்ணுக்கு அவ தங்கின வீட்டு அம்மா ராத்திரியே கொம்புத் துண்ட தண்ணில ஊறப் போட்டு, காலைல அதுலயே மிசோங்கற சோயா விழுதுல சூப் வச்சுக் குடுத்தாங்க, ஒரு நாளும் முகம் சுளிக்கல. முன்னாடியே சொல்லிட்டா அவங்களுக்கு அது தொந்தரவு இல்ல, வந்து உக்காந்ததுக்கு அப்புறம் தட்ட தள்ளினாத்தான் சங்கடம்.

விசா, 90 நாளுக்குள்ள முடியற கோர்ஸ்னா பொதுவா ஷார்ட் டெர்ம் விசா தான் எடுப்பாங்க. அதுல சம்பளத்துக்கு வேலை பாக்க முடியாது, அதனால பார்ட் டைம் பாத்து சமாளிக்கலாம்னு கணக்கு போட்டுட்டு போகாதீங்க. கோர்ஸ் நடத்தறவங்க குடுக்கற பேப்பர் ஒவ்வொண்ணும் பேரு, பொறந்த தேதி பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே இருக்கான்னு பாத்துட்டு அப்ளை பண்ணுங்க.