வரைபடத்தில் பச்சை, குழாயில் வெறும் காற்று: உங்களுக்கும் நடந்ததா?

கெப்போங் மாலா

இன்னும் மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். பெரிய குழாய் உடைந்து எங்கள் பக்கம் முழுக்கத் தண்ணீர் நின்றுபோனது. எல்லாரையும் போல நானும் கைப்பேசியில் தண்ணீர் நிறுவனத்தின் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் இல்லாத இடம் சிவப்பு, திரும்பி வந்த இடம் பச்சை. விடியற்காலையில் எங்கள் தாமான் (குடியிருப்பு) பச்சையாகிவிட்டது. "அத்தை, தண்ணீர் வந்தாச்சு, குளிச்சிடலாம்" என்று மாமியாரை எழுப்பி உட்காரவைத்துவிட்டுக் குழாயைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்று. அப்புறம் ஒரு கை அளவுக்குச் செம்மண் நிறத்தில் நீர். அவ்வளவுதான்.

சன்னல் வழியாகப் பார்த்தால், எதிரே தரைவீட்டு மக்சிக் (மலாய் அம்மா) செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். அவர் வீடு வரைபடத்தில் சிவப்பு! நடு ரோட்டில் கோடு கிழித்த மாதிரி அந்தப் பக்கம் சிவப்பு, இந்தப் பக்கம் பச்சை. சிவப்பில் தண்ணீர் ஓடுகிறது, பச்சையில் நாங்கள் வாளியோடு நிற்கிறோம். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. தோளில் போட்டிருந்த துண்டை மடித்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அது இன்னும் உறுத்துகிறது. வேறு யாருக்காவது இப்படி ஆனதா?

பாயான் லெப்பாஸ் சரவணன்

எங்களுக்கு வரைபட வண்ணத்தில் குறையில்லை அக்கா, தண்ணீர் கொண்டுவரும் லோரியில்தான். 2024 ஜனவரி 10 முதல் 14 வரை பினாங்கில் நடந்த தண்ணீர்த் தடை ஞாபகம் இருக்கும். சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றினார்கள். 15ஆம் தேதி பொங்கல். வீடு கழுவ வேண்டிய நேரத்தில் தண்ணீர் இல்லை. முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள், அதனால் தோம்பு தோம்பாகப் பிடித்து வைத்திருந்தோம். அதில் எனக்குக் குறையே இல்லை.

ஆனால் மூன்றாம் நாள் பிடித்து வைத்தது தீர்ந்துபோனது. லோரி நிற்கும் இடம் என்று வரைபடத்தில் குறி போட்டிருந்த முனைக்கு அம்மாவும் நானும் வாளிகளோடு போனோம். லோரி இல்லை. எங்களைப் போலவே அதே குறியைப் பார்த்து வந்தவர்கள் வெயிலில் வரிசையாக நிற்கிறார்கள். கடைசியில் ஒரு பையன் மோட்டாரில் வந்து, "லோரி சூராவ் (சிறு தொழுகை இடம்) பக்கத்துல நிக்குது, தண்ணி முடியப் போகுது" என்றான். கூட்டம் மொத்தமும் ஓடியது. அம்மா எழுபது வயதைத் தாண்டியவர், அவரும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அந்தக் காட்சியை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

செராஸ் பைப்காரர்

மாலா, கோபப்படாமல் கேளுங்கள். வரைபடம் பொய் சொல்லவில்லை. காலமெல்லாம் இந்தக் குழாய் வேலையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

அந்த வண்ணம் உங்கள் வீட்டுக் குழாய்க்கு இல்லை, ஒரு விநியோக வட்டத்துக்கு, அதாவது ஒரே குழாய் வழியில் நீர் பெறும் பகுதிக்கு. ஒரே ரோட்டின் இரண்டு பக்கமும் வேறு வேறு வட்டமாக இருக்கலாம். எதிர்வீட்டு மக்சிக்குக் கூரைத் தொட்டியில் மிச்சம் இருந்திருக்கும், இல்லையென்றால் அவர் வட்டத்துக்கு நீர் வந்தும் அலுவலகத்தில் இன்னும் வண்ணம் மாற்றியிருக்க மாட்டார்கள். பழுது சரியானதும் வால்வை ஒரேயடியாகத் திறக்க முடியாது. திறந்தால் உள்ளே அடைந்த காற்றும் அழுத்தமும் சேர்ந்து வேறொரு இடத்தில் குழாயை உடைக்கும். மெதுவாகத்தான் விடுவார்கள். முதலில் தாழ்வான இடம், கடைசியில் மேடும் குழாயின் கோடியும். உங்களுடையது அடுக்குமாடி. ரோட்டுக் குழாயில் வந்த நீர் கீழ்த்தொட்டி நிறைந்து, பம்ப் ஓடி, மொட்டைமாடித் தொட்டி ஏறி, அப்புறம்தான் உங்கள் வீட்டுக்கு. வரைபடம் வாசல் மீட்டரோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் உங்கள் நிர்வாகக் குழு பொறுப்பு.

என் அனுபவம் சின்னது. எங்கள் சந்தில் ரோடு எப்போதும் ஈரமாகவே இருந்தது. தண்ணீர் நிறுவனத்தின் செயலியில் குறி போட்டு, படம் எடுத்து அனுப்பினேன். ஆள் வந்து தோண்டினார்கள். இந்த நாட்டில் சுத்திகரித்த நீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கணக்கில் வராமல் போகிறது. கசிவு அதில் பெரும் பங்கு. அந்த ஈரத்தை ஒருத்தர் கண்டு சொன்னால்தான் உண்டு.

எல்லாரும் ஒன்று செய்யுங்கள். ராத்திரி படுக்கும் முன் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எண் ஏறியிருந்தால் வீட்டுக்குள்ளேயே கசிவு. தடை அறிவித்தால் குடிக்க, சமைக்க, கழுவ என்று தனித்தனியாகப் பிடியுங்கள். ஒவ்வொரு தோம்பையும் மூடுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு ஒரு மூடாத வாளி போதும். கழிவறைக்கு வைக்கும் தண்ணீரில் அபேட் (கொசுப்புழு மருந்து) போடலாம். தண்ணீர் திரும்பியதும் முதலில் வரும் பழுப்பு நீரைக் கீழ்க்குழாயில் ஓடவிடுங்கள். வாஷிங் மெஷினை அன்றைக்குத் தொடாதீர்கள், வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். சரவணன், லோரி குறி தப்பாக இருந்தால் அங்கேயே நின்று படத்தோடு புகார் போடுங்கள், வீட்டுக்குப் போய்ப் போட்டால் அதற்குள் லோரி போய்விடும்.

பிரிக்பீல்ட்ஸ் நித்யா

ஐயா சொல்வது தொழில்நுட்பத்துக்குச் சரி. ஆனால் வட்டம், வால்வு எல்லாம் மாலா அக்காவுக்கு எப்படித் தெரியும்? 'ரோட்டுக் குழாய்க்கு நீர் வந்துவிட்டது, மாடி வீடுகளுக்குத் தாமதமாகும்' என்று பச்சைக்குப் பக்கத்தில் ஒரு வரி போட்டிருந்தால் அவர் மாமியாரை எழுப்பியிருக்க மாட்டார். மக்கள் பார்க்கத்தான் வரைபடம் என்றால் மக்களுக்குப் புரிகிற மாதிரி இருக்க வேண்டும்.

என் அக்கா லண்டன் பக்கம் இருக்கிறாள். அங்கே தேம்ஸ் வாட்டர் 2023 ஜனவரியில் ஒரு வரைபடம் வெளியிட்டது. கனமழையில் சாக்கடை நிரம்பி எந்தெந்த இடத்தில் ஆற்றில் கலக்கிறது என்று கிட்டத்தட்ட உடனுக்குடன் காட்டுகிறது. நான் போயிருந்தபோது பிள்ளைகள் நீச்சல் துணியோடு ஆற்றுக்குக் கிளம்பி நின்றார்கள். அக்கா வாசலிலேயே கைப்பேசியைப் பார்த்து, "இன்னிக்கு வேண்டாம், மேலே சாக்கடை திறந்திருக்கு" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். நிறுவனத்துக்குச் சங்கடமான தகவலை நிறுவனமே காட்டுகிறது, அதை ஒரு அம்மா நம்பி முடிவெடுக்கிறாள். 2020 செப்டம்பரில் சிலாங்கூரின் சுங்கை கோங் ஆற்றில் கழிவு கலந்து, சுங்கை சிலாங்கூர் ஆற்றை நம்பிய நான்கு சுத்திகரிப்பு நிலையங்களையும் நிறுத்தினார்களே, அது முதல் எனக்கு இந்த ஆசைதான். நம் ஆற்றில் என்ன கலக்கிறது என்பதும் வரைபடத்தில் வர வேண்டும்.

கேப் டவுனில் 2018 ஜனவரியில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மாதம் 6,000 லிட்டருக்குள் செலவழிக்கும் வீட்டுக்கு வரைபடத்தில் கரும்பச்சைப் புள்ளி, 10,500 வரைக்கும் இளம்பச்சை. யார் வேண்டுமானாலும் பார்க்க முடிந்தது. வறட்சியில் இங்கேயும் அப்படி வந்தால் நல்லது என்பது என் கருத்து.

கெப்போங் மாலா

நித்யா, அது மட்டும் வேண்டாம். எங்கள் மாடியில் ஒரு வீட்டில் மூன்று குடும்பம் இருக்கிறது. அவர்கள் வீட்டில் தண்ணீர் அதிகம் ஆகத்தான் செய்யும். புள்ளி இல்லாத வீடு என்று ஊரே விரல் நீட்டினால் அவர்கள் எங்கே போவார்கள்?

ஐயா, விளக்கத்துக்கு நன்றி. தொட்டி விஷயம் இப்போதுதான் புரிகிறது. ஆனால் பொறுப்பு நிர்வாகக் குழுவுடையது என்று முடித்துவிடாதீர்கள். பம்ப் எப்போது ஓடும் என்று கேட்க அங்கே ஆளே இல்லை. இன்னொன்று, எங்கள் மாடியில் தனியாக இருக்கும் பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும், வரைபடமோ மலாயிலும் ஆங்கிலத்திலும். கடைசியில் ஒவ்வொரு தடவையும் நான்தான் கதவைத் தட்டிச் சொல்கிறேன்.

பாயான் லெப்பாஸ் சரவணன்

நான் மாலா அக்கா கட்சி. வீட்டுக்கு வீடு புள்ளி வேண்டாம், லோரிக்குப் புள்ளி வையுங்கள். பினாங்குக்கு வேண்டிய ஆற்று நீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு சுங்கை மூடாவிலிருந்துதான் வருகிறது, அது சுங்கை டுவா வழியாகத்தான் தீவுக்கு வர வேண்டும். அங்கே கை வைத்தால் மறுபடியும் லோரியை நம்பித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு லோரியிலும் ஓட்டுநர் கையில் கைப்பேசி இருக்கிறது, இடத்தைப் பகிர்வது பெரிய வேலை இல்லை. இதையே எங்கள் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாயான் லெப்பாஸ், பாயா தெருபோங் பக்கம் இருப்பவர்கள் நீங்களும் எழுதுங்கள், ஒரு கடிதம் என்றால் கோப்பில் போட்டு மூடிவிடுவார்கள்.