புதுப்பிப்பு: ஞாயிற்றுக்கிழமைத் திட்டம் என்ன ஆனது?

ஞாயிறன்றே ஏழு நாள் சமையலையும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டப் போவதாகப் போன மாதம் எழுதியிருந்தேன். ஒட்டினேன். புதன்கிழமையே கவிழ்ந்தது!

இப்போது மூன்று நாளுக்கு மட்டும்தான் திட்டம். ஞாயிறு காலை மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் காய், சாயங்காலம் மாவு: நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. மதுரை வெயிலுக்கு, பொங்கிய மாவு செவ்வாய்க்குள் புளித்துவிடும். அதனால் பாதியை உப்புப் போடாமல், பொங்க விடாமல் நேராக ஃபிரிட்ஜில் வைக்கிறேன். செவ்வாய் இரவு உப்புப் போட்டுக் கரைத்து வெளியே வைத்தால் புதன் காலை இட்லி பஞ்சு மாதிரி வருகிறது.

சீருடை தேய்ப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. அதில் இன்னும் இழுபறிதான்.

அப்புறம், காலியாக விட்ட வியாழன் கட்டத்தில் மகள் பென்சிலால் 'பரோட்டா' என்று எழுதியிருக்கிறாள். நான் அழிக்கவில்லை.