குற்றாலம் சீசனில் என் பழைய சிநேகிதன்

துணை தேடுவதில் எனக்கு டேட்டிங் ஆப் எதுவும் கைகொடுக்கவில்லை, கைகொடுத்தது சித்தி மகள் கல்யாணம்தான். போன ஆனி மாதம் தென்காசியில். சீசன் இந்த வருஷம் நல்லா இருக்கு என்று அம்மா போனில் ஆசை காட்டியதால் சேர்த்து லீவு சொல்லிவிட்டு, எழும்பூரில் பொதிகை ஏறினேன்.

பந்தியில் எதிர் வரிசையில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தவன் என்னையே பார்க்கிறானே என்று நினைத்தேன். "என்னலே, அடையாளம் தெரியலையா?" குரல் மாறவே இல்லை. பத்தாவது வரை எனக்குப் பக்கத்து பெஞ்ச், அப்புறம் அவன் அப்பாவுக்கு மாற்றலாகி குடும்பமே கோயம்புத்தூர் போய்விட்டது, அவன் படித்து முடித்து மஸ்கட் போனதெல்லாம் யாரோ சொல்லித் தெரியும். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஏதோ சொந்தமாம். இப்போது இருவருக்கும் முப்பதைத் தாண்டிவிட்டது, அவனுக்குக் காதோரம் நரை, எனக்குத் தொப்பை.

மறுநாள் பைக்கில் அருவிக்குப் போனோம். பேரருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்ததால் போலீஸ் விசில் ஊதி எல்லாரையும் வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள், சரி என்று ஐந்தருவிக்கு வண்டியைத் திருப்பினோம். அங்கே எண்ணெய் தேய்த்துவிடும் அண்ணாச்சிகளிடம் ஏற்கெனவே கூட்டம். "எண்ணெயை மட்டும் வாங்கு, நான் தேய்க்கேன்" என்றான். உச்சந்தலையில் அடித்து, தோளை அமுக்கி, பிடரிக்கு வந்ததும் அவன் கை வேகம் குறைந்து அங்கேயே நின்றுவிட்டது. நல்லெண்ணெய் முதுகில் வழிகிறது, சுற்றி அத்தனை பேர், சாரல் வேறு. நான் திரும்பவில்லை, அவனும் கையை எடுக்கவில்லை.

அன்று ராத்திரி செங்கோட்டைப் பக்கம் பார்டர் பரோட்டா. "ஏன் இன்னும் கல்யாணம் பண்ணலை" என்று அவன் கேட்டான். ஊரே கேட்கிற கேள்வி என்பதால் வழக்கமான பதிலை எடுத்து விட்டேன், வேலை, வீட்டுக் கடன் என்று. "நீ ஏன் பண்ணலை?" என்றேன். பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "பொண்ணுங்க மேல அப்படி எதுவும் வரலைலே எனக்கு" என்றான். "எனக்கும்" என்று சொல்லி முடிக்கவில்லை, சர்வர் வந்து நிற்கிறார், நாட்டுக்கோழி பெப்பர் இன்னொரு பிளேட் சொல்லட்டுமா என்று. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆமா என்றோம். அவ்வளவு சாப்பிட்டிருக்கக் கூடாது.

அப்புறம் நடந்ததை எல்லாம் விவரிக்கப் போவதில்லை. நான் சொல்ல வந்தது வேறு. ஒரு ஆணும் பெண்ணும் லாட்ஜில் ரூம் கேட்டால் உறவு என்ன, கல்யாணம் ஆச்சா என்று மேலும் கீழும் பார்ப்பார்கள். நாங்கள் ரெண்டு ஆதாரை நீட்டினோம், சாவியைக் கொடுத்தார்கள், சீசனில் ரூம் கிடைத்ததே பெரிது. தெருவில் அவன் என் தோளில் கை போட்டு நடந்தால் "பழைய கூட்டாளிக சேர்ந்துட்டாங்க" என்று பெரியவர்கள் சந்தோஷப்படுகிறார்கள். வீட்டுக்குக் கூட்டி வந்தபோது எங்க அம்மாவே மாடியில் பாய் விரித்து, "மழை பெய்து, ஜன்னலச் சாத்திப் படுங்கய்யா" என்று போர்வை கொடுத்துவிட்டுப் போனார். நட்பு என்கிற பெயரில் இந்த ஊர் ஆண்களுக்குக் கொடுத்திருக்கிற சலுகை சாதாரணமானது இல்லை. ஆனால் எனக்கு உள்ளுக்குள் எரிச்சலாகவும் இருந்தது. யாரும் எங்களைத் தடுக்கவில்லை, ஏனென்றால் அப்படி ஒன்று இருக்கும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

மாடியில் மழைச் சத்தத்தில் படுத்துக்கொண்டு நிறைய பேசினோம். 2018 செப்டம்பர் 6ஆம் தேதி ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் சட்டப்பிரிவிலிருந்து உச்ச நீதிமன்றம் நம்மை விடுவித்த செய்தியை அவன் மஸ்கட்டில் கம்பெனி ரூமில், கூடத் தங்கியிருந்தவர்களுக்கு நடுவில், போனில் படித்தானாம். முகத்தை மாற்றாமல் சீட்டாட்டத்தைத் தொடர்ந்தானாம். ஓமனில் இன்றைக்கும் அது குற்றம், ஜெயில்தான். நான் சென்னையில் பேரணிக்கெல்லாம் போய் வந்தவன், அவன் இதுவரை இந்த விஷயத்தை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. நம்ம ஹைகோர்ட் 2025 மே மாதம் கொடுத்த தீர்ப்பை அவனுக்குச் சொன்னேன். பெற்றோர் அடைத்து வைத்திருந்த ஒரு பெண்ணை அவருடைய பெண் துணையோடு போகலாம் என்று அனுப்பிவைத்தது, குடும்பம் ஆவதற்குக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்றும் சொன்னது. 2023இல் உச்ச நீதிமன்றம் ஒருபால் ஜோடிகளுக்குக் கல்யாண உரிமை இல்லை என்று கைவிரித்த பிறகு இது ஒரு ஆறுதல். "நிஜமாவா?" என்று எழுந்து உட்கார்ந்து தீர்ப்பை முழுசாக வாசிக்கச் சொன்னான். ஆங்கிலத்தில் அதைப் பாதி வாசிப்பதற்குள் தூங்கியும் போனான்.

லீவு முடிந்து அவனுக்குத் திருவனந்தபுரத்தில் ஃப்ளைட். ஆரியங்காவு, தென்மலை வழியாகக் காரில் நானே கொண்டுபோய் விட்டேன். வழியில் பதிமூணு கண் பாலத்தில் நிறுத்தி டீ குடிக்கும்போது அவன் போனுக்கு வரிசையாக மெசேஜ். அவன் அம்மா அனுப்பிய பெண் ஜாதகங்கள். ஒவ்வொன்றாக என்னிடம் காட்டி, "இது எப்படி இருக்கு?" என்று கேட்டுச் சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்று, முதலில் தங்கச்சியிடம் சொல்கிறேன், அவள் புரிந்துகொள்வாள், அம்மாவை அவள் பார்த்துக்கொள்வாள் என்றான். தீபாவளிக்கு லீவு கேட்டிருக்கிறான்.

இப்போதைக்கு எழுத்தில் எதுவும் வைத்துக்கொள்வதில்லை, மெசேஜ் எல்லாம் "சாப்பிட்டியா, அங்க வெயிலா" வகைதான், மற்றதை ஊருக்கு வந்து பேசிக்கொள்ளலாம் என்று முடிவு. வளைகுடாவில் துணை இருப்பவர்கள் யாராவது இருந்தால் நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். குறிப்பாக, சென்னைக்கு வேலை மாற்றிக்கொண்டு வந்தவர்கள் வீட்டில் என்ன காரணம் சொன்னீர்கள்?