கிளிம்மிங்கேஹூஸ்: பிரபுவின் வீடா, தானியக் கிடங்கா?

கோட்டைப்பித்தன்: இன்றைய தெற்கு ஸ்வீடனின் ஸ்கோனே பகுதியில் இருக்கும் கிளிம்மிங்கேஹூஸ் என்ற பழைய கோட்டை வீடு, பண்ணைத் தானியத்தைப் பத்திரப்படுத்தக் கட்டிய கல் கிடங்குதான் என்று வரப்போரம் நேற்று எழுதியிருந்தார். எரிச்சல் தாங்கவில்லை. டென்மார்க்கின் கடற்படைத் தலைவர் யென்ஸ் ஹோல்கர்சன் உல்ஃப்ஸ்டாண்ட் 1499இல் கட்டத் தொடங்கியது அது. லுண்ட் பேராலயத்தில் வேலை செய்த ஆடம் ஃபான் டூரன்தான் கொத்தனார். சமையலறைச் சூடு சுவருக்குள் விட்ட பாதை வழியே மாடி அறைகளுக்கு ஏறும். கிடங்குக்கு யாராவது சூடு ஏற்றுவார்களா?

வரப்போரம்: ஏன் ஏற்றக் கூடாது? ஈரமும் குளிருமான ஊர். சூடு பட்டால் தானியம் பூசணம் பிடிக்காது. கீழ்த்தளத்தில் சமையலறையும் சரக்கறையும்தான். 18ஆம் நூற்றாண்டில் விளைச்சலை அங்கேதான் போட்டு வைத்தார்கள், தெரியுமா?

கோட்டைப்பித்தன்: 18ஆம் நூற்றாண்டுக் கதையை 1499க்குக் கொண்டு போகாதீர்கள். சூட்டுப் பாதை போய்ச் சேர்வது ஆட்கள் வாழ்ந்த அறைகளுக்கு. அகழாய்வில் வெனிஸ் கண்ணாடி கிடைத்திருக்கிறது. கோதுமை மூட்டையா அதில் குடித்தது?

மால்மோவாசி: போய்ப் பார்த்தவன் சொல்கிறேன். படிக்கட்டில் ஏறும்போது தலைக்கு மேலே ஓட்டை இருக்கிறது. எதிரி வந்தால் மேலிருந்து தாக்குவதற்கு. 1676இல் ஸ்வீடன் அரசர் 11ஆம் கார்ல் அதை இடிக்கச் சொன்னார், டேனியர் கையில் சிக்கிவிடக் கூடாது என்று. வெறும் கிடங்கென்றால் அரசர் ஏன் பயப்பட வேண்டும்?

வரப்போரம்: படைக்குச் சோறு கிடங்கிலிருந்துதானே வரும்? பயப்படத்தான் செய்வார். 20 குடியானவர்களை வைத்து இடிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. அதையும் சொல்லுங்கள்.

கோட்டைப்பித்தன்: ஏன் முடியவில்லை? சுவர் கீழே 2.4 மீட்டர், மேலே 1.8 மீட்டர் தடிமன். அப்புறம் 130 பேரை அனுப்பினார்கள். அதற்குள் டேனிய, டச்சுக் கப்பல்கள் யிஸ்டாட் துறைமுகத்துக்கு வந்துவிட்டதால் வேலையைக் கைவிட்டார்கள். ஸ்வீடனின் விஸ்பி நகர மதில் பற்றிய விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கினீர்கள்.

வரப்போரம்: விஸ்பி இங்கே எதற்கு? அங்கே பதில் இல்லாமல் எழுந்து போனது நீங்கள்.

கோட்டைப்பித்தன்: எழுந்து போகவில்லை, மரியாதைக்காக நிறுத்தினேன்.

கல்தச்சன்: இரண்டு பேரும் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கம்பக்கத்தில் எடுத்த குவார்ட்சைட் என்ற கடினமான கல் அது. உளி எளிதில் இறங்காது. அந்தக் கல்லில் நான்கு மாடி எழுப்பியவர்களைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

மால்மோவாசி: 1658 வரை அது டென்மார்க் மண் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வரப்போரம்: யார் மண்ணாக இருந்தால் என்ன? குடியானவர்கள் விளைச்சலில் பங்காகக் கொடுத்த தானியத்தைப் பிரபு எங்கே வைத்தார்?

கோட்டைப்பித்தன்: தானியத்துக்குப் பண்ணையில் வேறு கட்டடமே இருந்திருக்காதா? நான் கேட்டது சூட்டுப் பாதை. மூட்டைக்கு ஒரு பிரபு அடுப்பு மூட்டினார் என்று நம்பச் சொல்கிறீர்கள்.

வரப்போரம்: மூட்டைக்கு மூட்டவில்லை, சமையலுக்கு மூட்டினார். மீந்த சூடு மேலே போனது. அது தானியத்துக்கும் உதவியிருக்கும். இதில் புரியாதது என்ன?

கோட்டைப்பித்தன்: சுவர் எழுப்பும்போதே பாதை விட்டிருக்கிறார்கள். மீந்த சூட்டுக்கு அவ்வளவு மெனக்கெடுவார்களா? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், விஸ்பியைப் பிறகு பார்க்கலாம்.