புதுப்பிப்பு: காரைக்குடி வீட்டில் கார் டீட்டெய்லிங்

வீட்டு வாசலிலேயே கார் டீட்டெய்லிங் (காரை உள்ளும் வெளியும் நுணுக்கமாகச் சுத்தம் செய்து பளபளப்பாக்கும் வேலை) தொடங்கலாமா, உப்புத் தண்ணீரை என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். தொடங்கிவிட்டேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

தண்ணீர்தான் பெரிய விஷயம். எங்கள் போர் தண்ணீர் காய்ந்தால் கண்ணாடியிலும் கறுப்பு பெயின்ட்டிலும் வெள்ளைத் திட்டு விழும். அதிலுள்ள கால்சியம், மெக்னீசியம்தான் காரணம். மழைத் தண்ணீரில் அது கிடையாது. வளவு முற்றத்து ஓட்டிலிருந்து விழும் மழையை அண்டாவில் பிடிப்பது செட்டிநாட்டு வீடுகளின் பழைய வழக்கம். அதையே வடிகட்டி, கடைசி அலசலுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். மழை இல்லாத நாளில் ஆர்ஓ தண்ணீர். எதுவானாலும் நிழலில்தான் கழுவ வேண்டும்.

அடுத்து செம்மண் புழுதி. பிள்ளையார்பட்டி, குன்றக்குடி போய்வரும் கார்களில் அப்படியே அப்பியிருக்கும். காய்ந்த துணியால் துடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி கீறிவிடும். முதலில் பிரஷர் வாஷர், அப்புறம் நுரை, அதற்குப் பிறகே கை. ஷாம்புவுக்கு ஒரு வாளி, தேய்க்கும் கையுறையை அலச இன்னொன்று. மைக்ரோஃபைபர் துணிக்கு கம்ஃபர்ட் மாதிரி துணியை மென்மையாக்கும் திரவம் போடாதீர்கள், ஈரம் உறிஞ்சாது.

உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) ஆன்லைனில் இலவசம். ஆதாரும் பானும் போதும். பணம் கேட்கும் ஏஜென்ட்டுகளிடம் போக வேண்டாம்.

செராமிக் கோட்டிங் (பெயின்ட்டின் மேல் பூசும் பாதுகாப்புப் பூச்சு) வேலை இப்போதைக்கு எடுக்கவில்லை. புழுதி புகாத மூடிய இடம் அமைந்த பிறகுதான்.