இறால் படம் போட்ட பழைய இங்கிலீஷ் ஜாடி மூடி: ஒரிஜினலா? கறை போகுமா?

பெரம்பூர்வாசி:
இங்க ஒரு காயலான் கடையில கலர் படம் போட்ட, களிமண்ணால செஞ்சு சுட்ட ஜாடி மூடி இருக்கு. சுமார் நாலு அங்குலம். இங்கிலாந்துல இருக்கற பெக்வெல் பே கடற்கரையில இறால் பிடிக்கிற படம். கண்ணாடி மாதிரி மேல்பூச்சு மெருகுல மெல்லிய வலைக்கோடு, ஒரு பக்கம் காவிக் கறை. ஓரத்துல எதிரெதிரா ரெண்டு சின்னப் புள்ளி இருக்கறதால 1850கள் சரக்குன்னு கடைக்காரர் அடிச்சுச் சொல்றார். நம்பலாமா? பிளீச்சிங் பவுடர்ல ஊறவெச்சா கறை போகுமா?

ராயபுரம்_13:
புள்ளியை மட்டும் நம்பிக் காசு குடுக்காதீங்க. இந்த மாதிரி மூடி செஞ்ச, இங்கிலாந்துல ஃபென்டன் ஊர் பிராட் கம்பெனியில, ஜெஸ்ஸி ஆஸ்டின் செதுக்கின படங்களுக்கு ஒவ்வொரு கலருக்கும் தனிச் செம்புத் தகடு. மெல்லிய தாள்ல எடுத்து, மெருகு ஏத்தாத களிமண் ஓட்டு மேல ஒவ்வொண்ணா ஒட்டித் தேய்ப்பாங்க. அடுத்த கலர் விலகாம உட்காரத்தான் அந்தப் புள்ளி. 20ம் நூற்றாண்டுலயும் பழைய தகடுகளை வெச்சே மூடி அடிச்சாங்க, அதுலயும் புள்ளி வரும்.

பத்து மடங்கு லென்ஸ்ல படத்துல இருக்கற வானத்தைப் பாருங்க, கலர் சின்னச் சின்னப் புள்ளியாத் தெரியும். தகடுல கையால குத்தின புள்ளின்னா பெரிசும் சிறிசுமா, நெருக்கமும் இடைவெளியுமா இருக்கும். செய்தித்தாள் போட்டோ மாதிரி வரிசை பிசகாம இருந்தா இப்போதைய நகல், விட்டுடுங்க. பின்பக்க விளிம்புல, சுடறதுக்கு முன்னாடியே போட்ட ஓட்டை இருந்தா சுவர்ல மாட்டவே செஞ்சது. இறால் விழுது அடைச்சு வித்த ஜாடிக்கு அந்த ஓட்டைக்கு வேலையே இல்லை.

பழைய_வண்ணை:
பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம். அதோட உப்பு வலைக்கோடு வழியா உள்ள இறங்கிடும். காய்ஞ்சதும் படிகமாகி மெருகைச் செதில் செதிலாத் தள்ளும். நம்ம ஊர் ஈரக்காத்துல அது கரைஞ்சு காய்ஞ்சு திரும்பத் திரும்ப நடக்கும். போர் தண்ணியும் கூடாது.

பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர்ல ஒரு நாள் ஊறட்டும். ஓடு முதல்ல தண்ணி குடிச்சிருந்தாதான் கரையற அழுக்கு இன்னும் உள்ள போகாது. அப்புறம் மருந்துக்கடை 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுல பஞ்சை நனைச்சுக் கறை மேல மட்டும் வெச்சு, பாலிதீனால மூடுங்க. கையுறை போட்டுக்குங்க. தினம் பஞ்சை மாத்தணும். முடிஞ்சதும் டிஸ்டில்டு வாட்டரை மாத்தி மாத்திச் சில நாள் ஊறவெச்சு, நிழல்ல காயவைங்க. துருக்கறைன்னா இந்த வழி உதவாது. தங்கப்பூச்சு மேலயும் படக்கூடாது.

பெரம்பூர்வாசி:
நன்றிங்க. வானத்துப் புள்ளிகள் ஒழுங்கில்லாமதான் இருக்கு, ஓட்டையும் இல்லை. ஆனா விரலால சுண்டினா மந்தமான சத்தம் வருதே?

ராயபுரம்_13:
விரிசலோ ஒட்டுவேலையோ இருக்கலாம். இருட்டுல யூவி டார்ச் அடிங்க, ஒட்டின இடம் பெரும்பாலும் தனியா ஒளிரும். அப்படி இருந்தா தண்ணியில போடவே கூடாது, பசை விட்டுடும். விளிம்பிலேருந்து படத்துக்குள்ள ஓடற விரிசலா, பின்பக்கத்தோட நிக்கறதான்னு பார்த்துட்டு விலை பேசுங்க. படத்துக்குள்ள ஓடினா நல்லாவே குறைச்சுக் கேளுங்க.

பழைய_வண்ணை:
விலை படியலைன்னா, ஒற்றைக் கலர்ல எழுத்து அடிச்ச பாக்குப் பற்பசை மூடிகளைத் தேடுங்க. விக்டோரியா காலத்துல ஏகப்பட்ட கம்பெனி வித்தாங்க, கலர் மூடியைவிடப் பொதுவா மலிவு.