கிட்னி மாற்றியபின் வந்த புற்றுநோய்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பக்கத்து அனுபவங்கள்

சாட்ஸ்வொர்த்திலிருந்து:
என் தம்பிக்கு எங்கள் பெரியக்காதான் கிட்னி கொடுத்தாள். அப்புறம் வீட்டில் எந்நேரமும் கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) பேச்சுதான். அடுத்த வருஷம் தைப்பூசக் காவடி நெருங்கும்போது அவன் முழங்காலுக்குக் கீழே ஊதா நிறத்தில் திட்டுகள் தெரிந்தன. எங்கேயாவது இடித்திருப்பான் என்றாள் அம்மா. இடித்த காயம் என்றால் நிறம் மாறி, இரண்டு வாரம் போல ஆனால் மறையும். இது தடித்துக்கொண்டே போனது. சதை எடுத்துப் பார்த்ததில் கபோசி சார்கோமா, தோலில் இப்படித் திட்டுகளாகத் தெரியும் ஒரு புற்றுநோய்.

எச்ஐவி உள்ளவர்களுக்கு வருவது என்றுதான் இங்கே பலரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அதனால் அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்லவே கூசினாள். டாக்டர் பொறுமையாக விளக்கினார்: எச்எச்வி-8 என்ற வைரஸ் ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் பரவலாக உண்டு. புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியை அடக்குவதால் அது தலைதூக்குகிறது. அந்த மாத்திரைகளில் டாக்ரோலிமஸ் என்பதற்குப் பதில் சிரோலிமஸ் என்ற வேறொன்றைக் கொடுத்தார்கள். மெல்ல மெல்லத் திட்டுகள் மங்கின, கிட்னியும் தப்பியது. ஆனால் அந்த மாற்றத்தை டாக்டர்தான் செய்யவேண்டும். பயந்துபோய் நாமாக மாத்திரையை நிறுத்தினால் கிட்னியே போய்விடும். முக்கியமாக இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஃபீனிக்ஸிலிருந்து:
அக்கா, அந்தக் கூச்சம் எனக்கும் இருந்தது. தோல் புற்றுநோய் என்றால் வெள்ளைக்காரர்களுக்கு வெயிலில் வருவது என்று நினைத்திருந்தேன். கிட்னி மாற்றியவர்களில் நம்மைப் போன்ற கறுத்த தோல்காரர்களுக்கு வெயில் படாத மறைவிடங்களிலும் வரும். எனக்கு அப்படித்தான் வந்தது, எச்பிவி வைரஸால். சின்னதாக இருக்கும்போதே வெட்டி எடுத்துவிட்டார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் இதே வைரஸ்தான் காரணம், அதனால் பெண்கள் அதைக் கண்டுபிடிக்கும் பாப் ஸ்மியர் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். தோலைப் பார்க்கும் டாக்டரிடம் முழு உடம்பையும் காட்டுங்கள்.

டோங்காட்டிலிருந்து:
அப்பாவுக்கு மாற்றிய முதல் வருஷத்திலேயே கழுத்தில் கட்டி வந்தது. ஈபிவி என்ற வைரஸோடு சேர்ந்து வரும் லிம்ஃபோமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் குறைத்தார்கள், ரிட்டுக்ஸிமாப் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றினார்கள். இதில் தேறுகிறவர்கள் உண்டு. அப்பா தேறவில்லை.

அண்ணன் இப்போது டயாலிசிஸில் இருக்கிறான். இத்தனைக்குப் பிறகும், கிட்னி கிடைத்தால் மறுக்காதே என்றுதான் அவனிடம் சொல்லியிருக்கிறேன். டயாலிசிஸிலேயே இருப்பவர்களைவிட மாற்றிக்கொண்டவர்கள் பொதுவாக அதிக காலம் வாழ்கிறார்கள், புற்றுநோய் ஆபத்தையும் சேர்த்துப் பார்த்தாலும். மாற்றிய பிறகு குளிக்கும்போதெல்லாம் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு மூன்றையும் தடவிப் பார்க்கவேண்டும் என்று அண்ணியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.